தானியங்கி மறுமொழி வழியே மின்னஞ்சல் சோதனை: ஒரு வரலாறு

அனுப்பிய மின்னஞ்சல் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை, மறுமுனையில் உள்ள கணினி நிரல் ஒன்று தானாக அனுப்பும் பதிலைக் கொண்டு அறியும் முறை தானியங்கி மறுமொழிச் சோதனை எனப்படும். இதற்கென வைக்கப்பட்டுள்ள முகவரிகளை எதிரொலி முகவரிகள் என்பர். அம்முகவரிக்கு எதை எழுதி அனுப்பினாலும் சிறிது நேரத்தில் பதில் வரும். பதிலை எழுதுவது மனிதர் அல்லர், நிரலே.

பதிவுத் தபாலுடன் இணைத்து அனுப்பிய ஒப்புகை அட்டையைப் பலரும் அறிவர். பெற்றவர் கையொப்பமிட்ட அட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். அது வந்த பிறகே மனம் நிம்மதி அடையும். சாதாரணக் கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. மின்னஞ்சல் தோன்றியபோது சாதாரணக் கடிதத்தைப் போலவே தோன்றியது. அதற்கு ஓர் ஒப்புகை அட்டையைச் செய்து தர முயன்றவர்களின் வரலாறே இக்கட்டுரை. ஒவ்வொரு முயற்சியும் ஒரு பயனைத் தந்தது. கூடவே ஒரு தொல்லையையும் தந்தது. இன்று நாம் பயன்படுத்தும் மின்னஞ்சல் விதிகள் பல அத்தொல்லைகளுக்கு மருந்தாக எழுதப்பட்டவை.

முதல் மடலே சோதனை மடல்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தில், ஒருவர் மற்றவருக்குக் குறிப்பு விட்டுச் செல்லும் வசதி 1965ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருந்தது. ஆனால் ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக மடல் சென்றது 1971இன் பிற்பகுதியில்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பி.பி.என். நிறுவனத்தின் பொறியாளர் ரே டாம்லின்சன் அதைச் செய்தார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

அவர் பயன்படுத்திய இரு கணினிகளும் அருகருகே நின்றன. அவற்றுக்கு இடையே நேரடி இணைப்பு இல்லை. ஆர்ப்பாநெட் வலையமைப்பு ஒன்றே இரண்டையும் இணைத்தது. ஒரு கணினியிலிருந்து தமக்கே சில சோதனை மடல்களை அனுப்பி, மற்றதில் அவை வந்திருக்கின்றனவா என்று பார்த்தார். அவற்றில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே பின்னர் நினைவில் இல்லை. ஆக, வலையமைப்பில் சென்ற முதல் மின்னஞ்சலே ஒரு சோதனை மடல்தான். இரண்டு கணினிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் டாம்லின்சனுக்கு மறுமொழி தேவைப்படவில்லை. மறுமுனை கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போன பிறகுதான் சிக்கல் எழுந்தது.

ஆர்ப்பாநெட்டின் தொடக்க ஆண்டுகளில் அச்சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. கோப்புகளை இடம் மாற்றும் எஃப்.டி.பி. நெறிமுறையின் ஒரு பகுதியாகவே மடல் அனுப்பப்பட்டது. அந்நெறிமுறையை எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண். அம்முறையில் அனுப்பும் கணினி பெறும் கணினியுடன் நேரடியாக இணைப்பில் இருக்கும். மடல் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பது அப்போதே ஓர் எண்ணாகத் தெரிந்துவிடும்.

கைமாறிச் சென்ற மடல்கள்

1970களின் இறுதியில் நிலை மாறியது. ஆர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காத பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூ.யூ.சி.பி. என்ற முறையைக் கைக்கொண்டன. இது 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் பரவலாகச் சென்றது. இதில் நிரந்தர இணைப்பு கிடையாது. கணினிகள் குறித்த நேரங்களில், பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு வேளைகளில், தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துச் சேர்ந்திருக்கும் மடல்களைக் கைமாற்றிக்கொள்ளும். ஒரு மடல் நான்கைந்து கணினிகளைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தால் சில நாட்கள்கூட ஆகும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சலும் இவ்வழியில்தான் தொடங்கியது. 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் திட்டத்தில் சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை பங்கேற்றன. அத்திட்டம் முதலில் வழங்கிய சேவை யூ.யூ.சி.பி. மின்னஞ்சல். பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். வழியாக வந்தது.

யூ.யூ.சி.பி. முகவரியில் மடல் செல்ல வேண்டிய வழி முழுவதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு கணினியின் பெயருக்குப் பின்னும் வியப்புக்குறி இடப்படும். இந்த வசதியையே சோதனைக்கும் பயன்படுத்த முடிந்தது. தன் கணினியில் தொடங்கி, இரண்டு மூன்று கணினிகளைக் கடந்து, அதே வழியில் தன் கணினிக்கே திரும்பும்படி முகவரியை எழுதினால் மடல் சுற்றிவிட்டு அனுப்பியவரிடமே வந்து சேரும். வரவில்லை என்றால் வழியில் எங்கோ தடை என்று பொருள். பதில் அனுப்பும் நிரல் எதுவும் இல்லாமலே எதிரொலி கிடைத்த முறை இது. பிற்கால இணைய மின்னஞ்சலிலும், முகவரியில் சதவீதக் குறியைச் சேர்த்து, வேறொரு கணினியின் வழியாக மடலைத் தனக்கே திருப்பி அனுப்பச் செய்ய முடிந்தது.

இந்த உத்தி நீண்ட நாள் நிலைக்கவில்லை. யார் மடலையும் யாருக்கும் கைமாற்றிவிடும் கணினிகளை எரிதம் எனப்படும் வேண்டா மடல்களை அனுப்புவோர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். அதனால் 1990களின் பிற்பகுதியில் அத்தகைய திறந்த வழிகள் அடைக்கப்பட்டன.

பொறுப்பு யாருடையது?

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணம் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை வகுத்தது. இன்றைய மின்னஞ்சல் போக்குவரத்தின் அடிப்படை அதுவே. அதில் உள்ள முக்கியமான கருத்து பொறுப்பு கைமாறுவது. ஒரு வழங்கி மடலை வாங்கிக்கொண்டு 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொன்னால், அந்த நொடி முதல் மடலுக்கு அந்த வழங்கியே பொறுப்பு. அது மடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். 550 என்று சொன்னால் மடலை ஏற்கவில்லை என்று பொருள். 4இல் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயன்று பார்க்கலாம். இவ்வாறு சில நாட்கள் முயன்ற பின்னரே வழங்கி கைவிடும்.

கைவிடப்பட்டதும் அனுப்பியவருக்கு வரும் அறிவிப்புதான் திரும்பு மடல். மின்னஞ்சலில் பரவலாகக் கிடைத்த முதல் தானியங்கி மறுமொழி இது. அது தவறான செய்தியை மட்டுமே சொல்லும். மடல் சேர்ந்தால் ஒன்றும் சொல்லாது. எனவே அனுப்பியவர் மௌனத்தையே நற்செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மௌனத்துக்கோ வேறு காரணங்களும் உண்டு. மடல் இன்னும் வரிசையில் காத்திருக்கலாம்; வழியில் ஒரு கணினி பழுதாகி நின்றிருக்கலாம்; திரும்பு மடலே தொலைந்திருக்கலாம்.

அதே ஆவணம் இன்னோர் ஆபத்தையும் முன்கூட்டியே கண்டது. திரும்பு மடலும் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு திரும்பு மடல் எழும். பிறகு அதற்கும் ஒன்று. இந்தச் சுழலைத் தடுக்க ஒரு வழி சொல்லப்பட்டது: அறிவிப்பு மடல்களை அனுப்பும்போது அனுப்புநர் முகவரியை வெற்றாக விட்டுவிடலாம். திருப்பி அனுப்ப முகவரி இல்லாத மடல் திரும்பி வராது. 1989இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1123 இதைக் கட்டாயமாக்கியது. தானாகப் பதில் சொல்லும் எந்த நிரலும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

எதிரொலி என்ற கருத்து

வலையமைப்பில் ஒன்றை அனுப்பி அதையே திரும்பப் பெற்றுச் சோதிக்கும் கருத்து மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. 1981இல் வெளியான ஐ.சி.எம்.பி. நெறிமுறையிலேயே எதிரொலிக் கோரிக்கையும் எதிரொலிப் பதிலும் இடம்பெற்றன. அவற்றைப் பயன்படுத்தி மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் பிங் என்ற சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியுணரிக் கருவி எழுப்பும் ஒலியே அதன் பெயராயிற்று. அதே 1983இல் ஜான் போஸ்டல் எதிரொலி நெறிமுறை ஒன்றையும் வெளியிட்டார். அதன்படி 7ஆம் எண் வாயிலுக்கு வரும் எழுத்துகளை மறுமுனைக் கணினி அப்படியே திருப்பி அனுப்பும்.

பிங் நிரலுக்குப் பதில் வந்தால் கணினி உயிருடன் இருப்பது தெரியும். அஞ்சல் வேலை நடக்கிறதா என்பது தெரியாது. அதற்கு மடலையே அனுப்பிப் பார்க்க வேண்டும். மடலுக்குப் பதில் சொல்லும் நிரல்களும் அக்காலத்தில் பெருகத் தொடங்கின. 1985இல் தொடங்கிய நெட்லிப் இதற்கு நல்ல சான்று. ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலும் பெல் ஆய்வுக்கூடத்திலும் இருந்த அதன் முகவரிகளுக்கு ஒருவரிக் கோரிக்கையை மடலாக அனுப்பினால், கேட்ட கணித மென்பொருள் பதில் மடலாக வரும். ஜாக் டாங்கராவும் எரிக் கிராஸும் இதை உருவாக்கினர். 1986இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ் நிரலும் மடலில் வரும் கட்டளைகளைப் படித்துத் தானே பதில் அனுப்பியது. இவை சோதனைக்காகப் பிறந்தவை அல்ல. ஆயினும் இத்தகைய முகவரிக்கு உதவி என்ற ஒரு சொல்லை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனையாக அமைந்தது.

யூஸ்நெட் செய்திக்குழுக்களிலும் இவ்வழக்கம் இருந்தது. சோதனைக்கென்றே வைக்கப்பட்ட குழுக்களில் ஒரு செய்தியை இட்டால், அது சென்றடைந்த ஊர்களில் உள்ள சில கணினிகள் கிடைத்தது என்று தாமாகவே மின்னஞ்சல் அனுப்பும். எந்த நாட்டுக்கு எவ்வளவு நேரத்தில் செய்தி எட்டியது என்பதை அப்பதில்களின் நேரக்குறிப்பைப் பார்த்துக் கணக்கிடலாம். பதில் வேண்டாதவர் பொருள் வரியில் புறக்கணிக்க என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட வேண்டும்.

இவற்றின் தொடர்ச்சியாகவே தனி எதிரொலி முகவரிகள் வந்தன. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு அத்தகைய முகவரிகளை நடத்தின. இவற்றின் சிறப்பு, வந்த மடலின் தலைப்பகுதியைப் பதிலில் சேர்த்துத் தருவது. மடல் கடக்கும் ஒவ்வொரு வழங்கியும் தன் பெயரையும் பெற்ற நேரத்தையும் தலைப்பகுதியில் ஒரு வரியாகப் பதிக்கும். அஞ்சல் உறையின் மீது ஒவ்வொரு நிலையத்திலும் விழும் முத்திரை போன்றது அது. அனுப்புபவர் இந்த முத்திரைகளைப் பார்க்க முடியாது; பெறுபவருக்கே அவை தெரியும். எதிரொலி முகவரி அவற்றை அனுப்பியவருக்கே திருப்பிக் காட்டியது. எந்த வழங்கியில் எத்தனை நிமிடம் மடல் தங்கியது என்பதை அதிலிருந்து அறியலாம்.

விடுப்பில் உள்ளவரின் பதில்

நாம் அடிக்கடி காணும் தானியங்கி மறுமொழி வேறொன்று: விடுப்பில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் பதில் எழுதுகிறேன் என்று வரும் குறிப்பு. சென்ட்மெயில் என்ற புகழ்பெற்ற அஞ்சல் நிரலை எழுதிய எரிக் ஆல்மனே வெகேஷன் என்ற இந்தச் சிறு நிரலையும் எழுதினார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் அது இடம்பெற்றது.

பார்வைக்கு எளிய நிரல்தான். ஆனால் அதற்குள் பட்டறிவு நிறைய இருந்தது. இருவர் ஒரே வாரத்தில் விடுப்பில் சென்றால், ஒருவரது நிரலின் பதிலுக்கு மற்றவரது நிரல் பதில் சொல்லும். அதற்கு இது பதில் சொல்லும். விடுப்பு முடிவதற்குள் இரு அஞ்சல்பெட்டிகளும் நிரம்பிவிடும். மடலாற்குழுவில் உறுப்பினராக உள்ள ஒருவரின் நிரல் குழுவுக்கே பதில் அனுப்பினால், அப்பதில் எல்லா உறுப்பினருக்கும் போகும். அவருக்கும் திரும்பி வரும். மீண்டும் பதில் எழும்.

எனவே அந்நிரல் சில கட்டுப்பாடுகளைத் தனக்கே விதித்துக்கொண்டது. ஒரே நபருக்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே பதில் சொல்லும். பெறுநர் வரியிலோ நகல் வரியிலோ உரிமையாளரின் பெயர் இல்லாவிட்டால் பதில் சொல்லாது. அஞ்சல் நிரல்களின் பெயரில் வரும் மடலுக்கும், மொத்த மடல் என்று குறிக்கப்பட்டதற்கும் பதில் சொல்லாது. எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதே தானியங்கி மறுமொழியின் இலக்கணமாயிற்று.

நெறிமுறைக்குள் வந்த ஒப்புகை

ஒவ்வொரு மடலுக்கும் ஒப்புகை கிடைத்தால் எதிரொலி முகவரியே தேவையில்லை அல்லவா? அதற்கான முயற்சியும் நடந்தது. சென்ட்மெயிலில், தலைப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட வரியைச் சேர்த்தால், மடலை அஞ்சல்பெட்டியில் சேர்த்த பின் ஒப்புகை வரும் வசதி இருந்தது. ஆனால் அந்த வரியுடன் மடலாற்குழுவுக்கு எழுதினால், உறுப்பினர்களின் கணினிகள் தனித்தனியே ஒப்புகை அனுப்பி எழுதியவரைத் திணறடிக்கும்.

இதை ஒழுங்குபடுத்தி 1996 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1891 முதல் 1894 வரையிலான நான்கு ஆவணங்கள் வந்தன. மடல் சேர்ந்தது, தாமதமானது, தோற்றது ஆகிய நிலைகளைக் கணினிகளும் புரிந்துகொள்ளும் வடிவில் அறிவிக்கும் முறையை அவை வகுத்தன. திரும்பு மடல்களில் இன்றும் நாம் காணும் 5.1.1 போன்ற குறியெண்கள் அப்போது வந்தவை. அந்த எண்ணுக்கு அப்படி ஓர் அஞ்சல்பெட்டி இல்லை என்று பொருள். 1998இல் மற்றொரு ஆவணம், மடல் பெறுநரின் திரையில் திறக்கப்பட்டதைத் தெரிவிக்கும் முறையை வகுத்தது. பெறுநரின் இசைவின்றி அந்த ஒப்புகை அனுப்பப்படலாகாது என்பது அதன் நிபந்தனை. நான் எப்போது கடிதம் படிக்கிறேன் என்பது என் சொந்த விஷயம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

இந்த வசதிகள் ஏட்டில் இருந்த அளவுக்கு நடைமுறையில் பரவவில்லை. எந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று துழாவும் எரித வணிகர்களுக்கு ஒப்புகை ஒரு பரிசாக அமைந்துவிடும். எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் ஒரு பயனர் இருக்கிறாரா என்று வழங்கியிடமே கேட்கும் கட்டளை ஒன்று 1982 முதலே உண்டு. அதே அச்சத்தால் அதையும் நிர்வாகிகள் பலர் அடைத்துவிட்டனர். இவ்வாறு நேர்மையானவர் கேட்கக்கூடிய கேள்விகள் ஒவ்வொன்றாகப் பதிலற்றுப் போயின. எதிரொலி முகவரியின் தேவையோ அப்படியே இருந்தது.

பொய் முகவரியும் பின்தெறிப்பும்

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரியை எவரும் விரும்பியபடி எழுதலாம். தபால் உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதிவிடலாம் என்பதைப் போன்றது இது. தானியங்கி மறுமொழி அம்முகவரியை நம்பியே பதில் அனுப்புகிறது. 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக்-எஃப், 2004 ஜனவரியில் பரவிய மைடூம் ஆகிய கணினிப் புழுக்கள் இந்தப் பலவீனத்தை வெளிச்சமாக்கின. அவை தாம் தொற்றிய கணினியில் கிடைத்த முகவரிகளைத் திருடி, அவற்றையே அனுப்புநராகக் காட்டி மடல் அனுப்பின. அவற்றைப் பெற்ற வழங்கிகள், உங்கள் மடலில் நச்சுநிரல் உள்ளது என்று கடமை தவறாமல் பதில் அனுப்பின. அப்பதில்கள் போய்ச் சேர்ந்தது ஒன்றும் அறியாத மூன்றாம் நபர்களிடம். இதற்குப் பின்தெறிப்பு என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று.

இச்சூழலில் 2004 ஆகஸ்டில் கீத் மூர் எழுதிய ஆர்.எஃப்.சி. 3834 வெளியானது. தானியங்கி மறுமொழிக்கென்றே எழுதப்பட்ட ஒழுங்கு நூல் அது. தானாக எழும் ஒவ்வொரு பதிலும் தன்னை அப்படி அடையாளம் காட்டும் ஆட்டோ-சப்மிட்டட் என்ற வரியைத் தலைப்பகுதியில் தாங்க வேண்டும். அந்த வரி உள்ள மடலுக்கு வேறொரு நிரல் பதில் சொல்லக் கூடாது. அனுப்புநர் முகவரி வெற்றாக உள்ள மடலுக்கும் பதில் கூடாது. தனிநபரின் விடுப்புப் பதில் ஒருவருக்கே அடிக்கடி போகலாகாது. ஆல்மனின் சிறு நிரலில் இருந்த பண்புகள் 18 ஆண்டுகளுக்குப் பின் பொது விதிகளாயின.

எதிரொலி முகவரிகளுக்கும் இது பொருந்தும். வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் முகவரிக்கு, வேறொருவரின் பெயரில் எரிதத்தை அனுப்பினால் அது அவரிடம் போய்விழும். நல்ல பெயருள்ள ஒரு நிறுவனத்தின் வழங்கியே எரிதம் அனுப்பியதாக ஆகிவிடும். ஆகவே கவனமாக நடத்தப்படும் எதிரொலி முகவரி உள்ளடக்கத்தைக் குறைத்து, தலைப்பகுதியை மட்டும் தரும்; ஒரே முகவரிக்கு அனுப்பும் பதில்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கும்.

வந்ததா என்பதிலிருந்து யாராக வந்தது என்பதற்கு

பொய் முகவரிக்கு மருந்தாக மூன்று முறைகள் அடுத்தடுத்து வந்தன. 2006இல் ஆவணமான எஸ்.பி.எஃப்., ஒரு களப்பெயரின் சார்பில் மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகள் எவை என்ற பட்டியலை வெளியிடச் செய்கிறது. 2007இல் ஆவணமான டி.கே.ஐ.எம்., மடலுக்கு ஒரு மின்னொப்பம் இடுகிறது. 2015இல் வெளியான டிமார்க், வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயர் இவ்விரண்டில் ஒன்றோடேனும் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறது.

இவற்றைத் தன் வழங்கியில் அமைக்கும் ஒருவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அமைப்பு சரியா என்று தீர்மானிப்பது பெறும் வழங்கி. அதன் தீர்ப்பு அனுப்புபவருக்குத் தெரியாது. இங்கே எதிரொலி முகவரி புதிய வேலைக்குத் திரும்பி வந்தது. போர்ட்25 என்ற நிறுவனம் நடத்திய சரிபார்ப்பு முகவரிக்கு ஒரு மடல் அனுப்பினால், எஸ்.பி.எஃப். தேர்ச்சி பெற்றதா, மின்னொப்பம் செல்லுமா, எரித வடிகட்டி என்ன மதிப்பெண் இட்டது என்பவற்றை விரிவான அறிக்கையாகப் பதில் அனுப்பியது. எம்.எக்ஸ்.டூல்பாக்ஸ் நிறுவனமும் இது போன்ற முகவரியை நடத்தியது. பழைய எதிரொலி மடல் வந்துவிட்டது என்று சொன்னது. புதியது மடல் யாராக வந்தது என்று சொல்கிறது.

இது வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மடல்கள் அனுப்புவோர் இம்மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு அனுப்பும் தேர்வு அறிவிப்பு எரிதப் பெட்டியில் விழுந்தால், பிழை மாணவருடையதன்று. ஆனால் இழப்பு மாணவருடையது. அறிவிப்பை அனுப்பும் முன் ஒரு சோதனை மடலை அனுப்பிப் பார்ப்பது அந்த இழப்பைத் தடுக்கும் மலிவான வழி.

தமிழ் எழுத்தும் எதிரொலியும்

தமிழில் எழுதுவோருக்கு எதிரொலிச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. எஸ்.எம்.டி.பி. முதலில் ஆங்கில எழுத்துக்குப் போதுமான 7 பிட்டுகளை மட்டுமே உறுதியாகக் கொண்டு சென்றது. 1990களில் இணையத் தமிழர்கள் பயன்படுத்திய திஸ்கி போன்ற குறியேற்றங்கள் 8 பிட்டுகளைக் கொண்டவை. வழியில் ஒரு வழங்கி எட்டாவது பிட்டைக் கத்தரித்துவிட்டால் தமிழ் மடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகப் போய்ச் சேரும். 1992இல் அறிமுகமான மைம் என்ற முறை, எந்த எழுத்தையும் 7 பிட்டுக்குள் அடங்கும்படி மாற்றி அனுப்பவும், மறுமுனையில் மீட்கவும் வழி செய்தது.

ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யு.டி.எஃப்-8 வடிவில் 3 பைட்டுகளைப் பிடிக்கிறது. அவற்றில் ஒன்று சிதைந்தாலும் எழுத்து கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ மாறிவிடும். பொருள் வரியில் தமிழில் ஒரு தொடரை எழுதி, பொருள் வரியைத் திருப்பித் தரும் எதிரொலி முகவரிக்கு அனுப்பினால், அது முழுமையாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 2012 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 6531, @ குறிக்கு முன்னும் பின்னும் தமிழிலேயே அமைந்த முகவரிகளுக்கும் இடம் தந்தது. ஆயினும் வழியில் உள்ள ஒவ்வொரு வழங்கியும் இப்புதிய முறையை ஏற்க வேண்டும். தமிழ் முகவரியிலிருந்து அனுப்பிய மடலுக்குப் பதில் வருவது, மறுமுனையும் தமிழ் முகவரியை முகவரியாக மதிக்கிறது என்பதற்குச் சான்று.

சோதனையின் எல்லைகள்

எதிரொலி வந்தால் போகும் வழியும் வரும் வழியும் நன்றாக உள்ளன என்பது உறுதி. வராவிட்டால் எந்த வழியில் பிழை என்பது தெரியாது. மடல் போகாமல் இருந்திருக்கலாம். அல்லது போய்ச் சேர்ந்து, பதில் நம் எரிதப் பெட்டியில் விழுந்திருக்கலாம். இந்தக் குறையைப் போக்கவே, பதிலை மடலாக அனுப்பாமல், அறிக்கையை வலைப்பக்கத்தில் காட்டும் சேவைகளும் வந்துள்ளன.

தாமதத்தையும் உடனே தோல்வி என்று கொள்ளலாகாது. 2003இல் அறிமுகமான ஒரு தடுப்பு முறைப்படி, முன்பின் அறியாத வழங்கியிலிருந்து வரும் முதல் மடலைப் பெறும் வழங்கி சற்றுப் பொறுத்து வா என்று திருப்பிவிடும். ஒழுங்கான வழங்கி மீண்டும் முயலும். அவசரக்கார எரித நிரல் பெரும்பாலும் முயலாது. எனவே முதல் சோதனை மடலுக்குப் பதில் வரச் சிறிது நேரம் ஆகலாம்.

இன்னோர் எல்லையும் உண்டு. எதிரொலி முகவரி ஏற்றுக்கொண்ட மடலை வேறொரு நிறுவனம் ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவனத்தின் வடிகட்டியும் தனித்தனி அளவுகோல் கொண்டது. மடல் அஞ்சல்பெட்டியின் வாசல் வரை வந்ததை நிரல் சொல்லும். மனிதர் அதைப் படித்தாரா என்பதை மனிதர் எழுதும் பதில் ஒன்றே சொல்லும்.

அரை நூற்றாண்டு வரலாற்றில் இந்த உண்மை மாறவில்லை. டாம்லின்சன் அடுத்த கணினியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ததை, பின்வந்தோர் நிரல்களின் பதிலைக் கொண்டு உறுதி செய்தனர். விண்ணப்பம், வேலைக் கோரிக்கை, தேர்வு அறிவிப்பு போன்ற முக்கியமான மடலை ஒரு புதிய முகவரியிலிருந்து அனுப்பப் போகிறவர், முதலில் ஓர் எதிரொலி முகவரிக்கோ தம்முடைய வேறொரு முகவரிக்கோ ஒரு சோதனை மடலை அனுப்பிப் பார்ப்பது நல்லது. பதில் வரவில்லை என்பதற்காக மறுமுனையில் உள்ளவர் நம்மைப் புறக்கணித்தார் என்று முடிவு கட்டும் முன், மடல் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.